மூன்று வருடம் கட்டியும் கூடிப்போன கடன்: ஹங்கேரியின் நடுத்தர வர்க்கம் கட்சி மாறியது எப்படி

பொருளாதாரம் சரிந்தால் ஏழைகளின் கோபம் ஓட்டாக மாறும் என்று சொல்வது வழக்கம். தேர்தல் கணக்கை ஊர் ஊராக இறங்கிப் படிப்பவர்களுக்கு அது பாதி உண்மைதான் என்று தெரியும். ஏழை வீட்டுக்கு நெருக்கடி பழகிய விருந்தாளி. மாதச் சம்பளம் வாங்கி, வரி கட்டி, வங்கி கேட்ட காகிதங்களையெல்லாம் கொடுத்து வீட்டுக்கடன் எடுத்தவருக்குத்தான் அது புதிது. "நான் எந்த விதியையும் மீறவில்லையே, எனக்கு ஏன் இப்படி" என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அந்தக் கேள்விக்கு யார் முதலில் பதில் வைத்திருக்கிறாரோ, ஓட்டு அவர் பக்கம் நகர்கிறது.

இதைப் பல நாடுகளில் பார்க்கலாம் என்றாலும், படிப்பதற்கு ஹங்கேரிதான் தோது. காரணம், அங்கே நடந்ததை ஒரே ஓர் எண்ணைப் பின்தொடர்ந்தே புரிந்துகொள்ளலாம்: ஒரு ஸ்விஸ் ஃபிராங்குக்கு ஹங்கேரியின் பணம் எத்தனை ஃபோரிண்ட். 2008 கோடையில் அது 145க்கு அருகில் இருந்தது. 2009 மார்ச்சில் 200ஐத் தாண்டியது. 2011 ஆகஸ்ட்டில் 250ஐயும் தாண்டியது. அந்த எண் ஏற ஏற யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தால், வலதுசாரி விக்டர் ஓர்பான் மீண்டும் ஆட்சியைப் பிடித்த 2010 தேர்தலின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்மூர்ப் பத்திரிகைகளில் 'பாப்புலிசம்' என்றால் மிக்சி, கிரைண்டர், கவர்ச்சித் திட்டம் என்று பொருள் கொள்கிறார்கள். இங்கே பேசுவது அது அல்ல. நேர்மையான மக்கள் ஒருபுறம், அவர்களை ஏமாற்றிப் பிழைக்கும் மேலிடம் மறுபுறம் என்று அரசியலை இரண்டாகப் பிளந்து, மக்களின் ஒரே குரல் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் கட்சியைத்தான் பாப்புலிசக் கட்சி என்கிறோம். இலவசம் கொடுக்காமலும் அப்படி இருக்கலாம். ஹங்கேரியில் ஏழைகளுக்கான உதவித்தொகையைக் குறைத்துக்கொண்டேகூட அப்படி இருந்தார்கள்.

கடன் எப்படி வீட்டுக்குள் வந்தது

2000ஆம் ஆண்டு, விக்டர் ஓர்பானின் முதல் ஆட்சியில், வீட்டுக்கடன் வட்டிக்கு அரசு மானியம் கொடுத்தது. கடன் உள்நாட்டுப் பணமான ஃபோரிண்டில்தான். அடுத்து வந்த சோஷலிஸ்ட் ஆட்சிக்கு மானியச் செலவு கைமீறிப்போக, 2003 கடைசியில் அதை வெட்டியது. அதே சமயம் மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 12.5 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. மானியம் போய்விட்டது, வட்டியோ மலையாக நிற்கிறது, வீடு வாங்கும் ஆசை மட்டும் குறையவில்லை. வங்கிகள் அந்த இடைவெளியில் ஸ்விஸ் ஃபிராங்க் கணக்கிலான கடனைக் கொண்டுவந்து வைத்தன. 2004 மே மாதம் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. சீக்கிரமே யூரோ வந்துவிடும், பிறகு மாற்று விகிதத்தைப் பற்றிய கவலையே இல்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மக்கள் ஏன் அதில் விழுந்தார்கள் என்று புரியும். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான், ஆனால் அன்றைய நிலவரத்துக்கு நெருக்கமானது. 60 லட்சம் ஃபோரிண்ட் கடன், 20 வருடம். உள்நாட்டுப் பணத்தில் 12 விழுக்காடு வட்டிக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 66,000. ஃபிராங்க் 150 என்ற விகிதத்தில் அதே 60 லட்சம் 40,000 ஃபிராங்க் ஆகிறது. அதற்கு 5.5 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 275 ஃபிராங்க். தவணை வாங்கும்போது வங்கி 152 என்ற விகிதம் போட்டால் 41,800 ஃபோரிண்ட். மாதம் 24,000 மிச்சம். அந்த மிச்சத்தை விட்டுவிட்டு 66,000 கட்டுகிறேன் என்று சொல்பவரை அக்கம்பக்கத்தார் விவரம் கெட்டவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். இதைப் 'பேராசை' என்று பின்னாளில் எழுதியவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது, அல்லது தெரிந்தும் மறைத்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடன் வாங்கியவர் கையில் ஒரு ஃபிராங்க் நோட்டுகூட வரவில்லை. பணம் ஃபோரிண்டில் வந்தது, தவணையும் ஃபோரிண்டில் போனது. ஃபிராங்க் என்பது ஒப்பந்தக் காகிதத்தில் இருந்த ஓர் அளவுகோல் மட்டுமே. அதனால்தான் 'நான் அந்நியச் செலாவணியில் சூதாடினேன்' என்று ஒருவரும் தம்மை நினைத்துக்கொள்ளவில்லை. 2008 வாக்கில் குடும்பக் கடன்களில் பாதிக்கும் மேல் அந்நியப் பணக் கணக்கில் இருந்தது. வீட்டுக்கடன் மட்டுமல்ல, கார்க் கடனும்.

ஒப்பந்தத்துக்குள் மூன்று பொறிகள் இருந்தன. எது எப்போது வேலை செய்தது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

முதல் பொறி சிறியது: பணம் கொடுக்கும்போது வங்கி தன் கொள்முதல் விகிதத்தில் கணக்கிடும், தவணை வாங்கும்போது விற்பனை விகிதத்தில் கணக்கிடும். மேலே 150க்கும் 152க்கும் இருந்த வித்தியாசம் அதுதான். நாணயமே மாறாத இடத்தில் நாணய மாற்றுக்கான கூலி. இரண்டாவது, வட்டியை வங்கி தன் விருப்பப்படி ஒருதலையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி. நெருக்கடிக்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் வட்டி பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. ஹங்கேரியில் ஃபிராங்க் கடனின் வட்டியோ ஏறியது. மாற்று விகிதம் ஏறியதைக்கூட விதி என்று பொறுத்துக்கொண்டவர்கள், இதைப் பார்த்துத்தான் கொதித்தார்கள். மூன்றாவதுதான் பெரிய பொறி: மாற்று விகித அபாயம் முழுக்க முழுக்கக் கடன் வாங்கியவர் தலையில். வளைகுடாவில் திர்ஹாமில் சம்பாதித்து ஊரில் ரூபாயில் வீட்டுக்கடன் கட்டுபவரை எண்ணிப் பாருங்கள். ரூபாய் விழுந்தால் அவருக்குக் கொண்டாட்டம். ஹங்கேரியில் அதற்கு நேர் எதிர். விழும் பணத்தில் சம்பளம், ஏறும் பணத்தில் கடன்.

இப்போது அதே கடனை 2011க்குக் கொண்டுபோவோம். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியாயிற்று. 36,400 ஃபிராங்க் அசல் பாக்கி. வங்கி வட்டியை 7 விழுக்காடு ஆக்கிவிட்டது. விகிதம் 250. தவணை 306 ஃபிராங்க், அதாவது 76,400 ஃபோரிண்ட். 41,800இலிருந்து 76,400. பாக்கிக் கடன் 91 லட்சம். 60 லட்சம் வாங்கி, 36 மாதம் தவறாமல் கட்டி, 91 லட்சம் கடனாளி. வீட்டு விலையும் விழுந்துவிட்டதால் விற்றாலும் கடன் அடையாது. வீடு போனாலும் மிச்சக் கடன் ஆளைத் துரத்தும்.

அரசியல்வாதிகள் எத்தனை மேடை போட்டாலும் அந்த 91 லட்சம் செய்த பிரசாரத்தைச் செய்திருக்க முடியாது.

பழி யார் மேல் விழுந்தது

நெருக்கடி மட்டும் கட்சி மாற வைப்பதில்லை. அதற்கு முன்பே நம்பிக்கை உடைந்திருக்க வேண்டும். ஹங்கேரியில் உடைந்த நாள்கூடத் தெரியும். 2006 ஏப்ரலில் சோஷலிஸ்ட்கள் ஃபெரென்ட்ஸ் ஜூர்ச்சானி தலைமையில் மறுபடி வென்றார்கள். அந்த வருட பட்ஜெட் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது; தேர்தல் முடியும்வரை அது மறைக்கப்பட்டது. மே மாதம் கட்சிக்காரர்களுடன் நடந்த மூடிய கூட்டத்தில், காலையிலும் இரவிலும் பொய்தான் சொன்னோம் என்று பிரதமர் பேசினார். அந்த ஒலிப்பதிவு செப்டம்பர் 17 அன்று வெளியே வந்தது. மறுநாள் இரவு புடாபெஸ்டில் அரசுத் தொலைக்காட்சிக் கட்டடம் முற்றுகையிடப்பட்டது. அவர் பதவி விலகவில்லை.

அடுத்த அறிகுறி நெருக்கடிக்கு ஆறேழு மாதம் முன்னால் வந்தது. மருத்துவரைப் பார்க்க 300 ஃபோரிண்ட் கட்டணம், மருத்துவமனைப் படுக்கைக்கு நாள் கட்டணம், கல்லூரிக் கட்டணம் என்று மூன்று. இவற்றை எதிர்த்து ஓர்பானின் ஃபிடெஸ் கட்சி கொண்டுவந்த பொது வாக்கெடுப்பு 2008 மார்ச் 9 அன்று நடந்தது. மூன்றிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் கட்டணத்துக்கு எதிராகவே விழுந்தது. 300 ஃபோரிண்ட் ஒரு பெரிய தொகையே அல்ல. தொகை சிறியதாக இருந்தும் எதிர்ப்பு பெரிதாக இருந்தால், மக்கள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, கேட்பவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தைப் பலர் தவறவிட்டார்கள்.

2008 அக்டோபரில் ஹங்கேரி அரசுப் பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போயிற்று. சர்வதேச நாணய நிதியம், ஐரோப்பிய ஒன்றியம், உலக வங்கி மூன்றும் சேர்ந்து 20 பில்லியன் யூரோ உறுதியளித்தன. ஃபோரிண்டைத் தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 8.5இலிருந்து 11.5 விழுக்காட்டுக்கு ஏற்றியது. 2009இல் ஜூர்ச்சானி விலக, கட்சி சாராத நிர்வாகி என்ற பெயரில் கோர்டன் பாய்னாய் வந்தார். அரசு ஊழியர்களின் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் போயிற்று, ஓய்வூதியர்களின் பதின்மூன்றாம் மாதத் தொகையும் போயிற்று. மதிப்புக் கூட்டு வரி ஜூலையில் 20இலிருந்து 25 ஆனது. அந்த வருடம் பொருளாதாரம் 6 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

நிதிநிலை நோக்கில் பாய்னாய் அரசு செய்தது ஒழுங்கான வேலை என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஓட்டுக் கணக்கில் நடந்தது வேறு. ஆசிரியர், செவிலியர், அலுவலர், ஓய்வூதியர் என்று இடதுசாரிகளின் சொந்த ஓட்டு வங்கியில்தான் கை வைக்கப்பட்டது. அதே வீடுகளில்தான் ஃபிராங்க் தவணையும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே மாதச் சம்பளத்தில் இரண்டு பக்கமும் கத்தரி. அதிலும் தவணையைக் குறைக்க அரசு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 'ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்' என்பதே பதில்.

2010 கணக்கை விழுக்காட்டில் பார்க்காதீர்கள்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஃபிடெஸ் 52.7 விழுக்காடு, 386 இடங்களில் 263, நேரடித் தொகுதிகள் 176இல் 173. இதைப் பார்த்தவுடன் 'நாடே ஓர்பான் பக்கம் சாய்ந்தது' என்று எழுதிவிடுவார்கள். ஓட்டு எண்ணிக்கையை எடுத்து வைத்தால் படம் மாறும். 2006இல் சோஷலிஸ்ட்களுக்கு 23 லட்சத்துக்கும் சற்று அதிகம். 2010இல் 10 லட்சத்துக்கும் குறைவு. 13 லட்சத்துக்கு மேல் காணாமல் போயிற்று. ஃபிடெஸுக்கு 22.7 லட்சம் 27 லட்சமாக ஆனது, கூடியது 4.3 லட்சம் மட்டுமே. தீவிர வலதுசாரி யோப்பிக், முந்தைய தேர்தலில் கூட்டணியாக நின்று 2.2 விழுக்காடு வாங்கியது. இந்தமுறை தனியாக 8.5 லட்சம் ஓட்டு, 16.7 விழுக்காடு. புதிய பசுமைக் கட்சிக்கும் ஒரு பங்கு. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஆக நடந்தது ஒரு பாய்ச்சல் அல்ல, மூன்று நகர்வுகள். சிலர் எதிர்க்கட்சிக்குப் போனார்கள், சிலர் அதையும் தாண்டி யோப்பிக்குக்குப் போனார்கள், இன்னும் சிலர் வாக்குச்சாவடிக்கே போகவில்லை. எந்த நாட்டை ஆராய்ந்தாலும் முதல் வேலை இதுதான்: விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு ஓட்டு எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இழந்த கட்சியின் இழப்பு, வென்ற கட்சியின் லாபத்தைவிடப் பெரிதாக இருந்தால், கதை சரிவில் தொடங்குகிறது, எழுச்சியில் அல்ல.

கடன் உண்மையிலேயே காரணமா, அல்லது கடன் அதிகமான ஊர்கள் ஏற்கெனவே வேறு மாதிரி ஊர்களா? நியாயமான சந்தேகம். கடன் இல்லாத ஊரோடு கடன் உள்ள ஊரை ஒப்பிட்டால் விடை கிடைக்காது. கடன் வாங்க முடிந்தவர்கள் வசதியிலும் வயதிலும் வேறானவர்கள். சரியான ஒப்பீடு, ஃபிராங்கில் கடன் வாங்கியவருக்கும் ஃபோரிண்டில் கடன் வாங்கியவருக்கும் இடையே. இருவரும் கடனாளிகள், இருவரும் வீடு வாங்கியவர்கள்; 2008 அக்டோபரில் ஒருவருக்கு மட்டும் கடன் வீங்கியது. ஜோஸோ ஜோஞ்சோஷி, எமில் வெர்னர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த வழியில் ஊர்வாரியாகப் பார்த்தார்கள். அந்நியப் பணக் கடன் அதிகமான ஊர்களில் தீவிர வலதின் ஓட்டு நெருக்கடிக்குப் பிறகு கூடி, அப்படியே நிலைத்தது. அந்த வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கடன் துயரம் மட்டுமே விளக்குகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. ஐந்தில் ஒன்று சின்ன எண் அல்ல. முழு எண்ணும் அல்ல. வடகிழக்கு ஹங்கேரியில் யோப்பிக் வளர்ந்ததில் ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் மீதான வெறுப்புப் பிரசாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தவணைச் சீட்டால் விளக்க முயல்வது நேர்மையாகாது.

யோப்பிக் கேட்டதையும் சொல்ல வேண்டும்: கடன் எடுத்த நாளின் விகிதத்திலேயே எல்லாக் கடனையும் ஃபோரிண்டுக்கு மாற்று. வேறு எந்தக் கட்சியும் அன்று அவ்வளவு நேராகப் பேசவில்லை. பொருளாதாரக் கொள்கை என்று முப்பது பக்கம் அச்சடித்த கட்சிகளுக்கு நடுவே, தன் சீட்டில் எந்த எண் மாறும் என்று கடன்காரருக்கு ஒரே வரியில் புரிந்தது இதுதான்.

180: யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை

ஆட்சிக்கு வந்த ஓர்பான் முதலில் வங்கிகள் மேல் வரி போட்டார்: பெரிய வங்கிகளின் சொத்து மதிப்பில் 0.5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சர்வதேச நிதியத்துடன் பேச்சு 2010 ஜூலையில் முறிந்தது. ஆனால் கடன்காரர் எதிர்பார்த்தது 2011 செப்டம்பரில்தான் வந்தது. ஃபிராங்குக்கு 180, யூரோவுக்கு 250 என்ற நிலையான விகிதத்தில் கடனை அடைக்கலாம். சந்தை விகிதத்துக்கும் 180க்கும் உள்ள வித்தியாசம் வங்கிக்கு நட்டம். நாடே வியந்தது.

நிபந்தனையைப் படித்தால் வியப்பு குறையும். முழுக் கடனையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். வருடக் கடைசிக்குள் விண்ணப்பம், 2012 பிப்ரவரி இறுதிக்குள் பணம். நமது எடுத்துக்காட்டுக் கடனில் 36,400 ஃபிராங்க். 180 விகிதத்தில் 65.5 லட்சம். 91 லட்சத்தை 65.5 லட்சத்தில் தீர்த்தால் 25 லட்சத்துக்கு மேல் லாபம். ஆனால் 65.5 லட்சத்தைச் சில மாதங்களில் யார் புரட்டுவார்? சேமிப்பு உள்ளவர், இன்னொரு வீட்டை விற்க முடிந்தவர், பெற்றோரிடம் வாங்க முடிந்தவர், அல்லது சம்பளச் சான்று வலுவாக இருந்து புது ஃபோரிண்ட் கடன் கிடைத்தவர். சுமார் 1,70,000 கடன்கள் இப்படி அடைக்கப்பட்டன; அந்நியப் பண வீட்டுக்கடனில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. வங்கிகளின் நட்டத்தில் 30 விழுக்காட்டை வங்கி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அரசு விட்டுக்கொடுத்ததால், அந்தப் பங்கு பொதுக் கருவூலத்திலிருந்து போயிற்று.

எஞ்சியவர்களுக்கு 'விகிதத் தடுப்பு' என்று ஒரு திட்டம்: ஐந்து வருடம்வரை 180 விகிதத்திலேயே தவணை. கூடுதல் தொகையில் வட்டிப் பகுதி மன்னிக்கப்படும், அசல் பகுதி தனிக் கணக்கில் சேர்ந்து பின்னால் வரும். இது தள்ளிவைப்பே தவிரத் தள்ளுபடி அல்ல என்று பலருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கட்டவே முடியாமல் போனவர்களின் வீட்டை வாங்கி, அவர்களையே வாடகைக்கு வைத்த அரசு நிறுவனம் சுமார் 36,000 வீடுகளை எடுத்துக்கொண்டது. சொந்த வீட்டில் வாடகைக் குடித்தனம்.

மேலே இருப்பவருக்கு முழு நிவாரணம், நடுவில் இருப்பவருக்குத் தவணை நிவாரணம், கீழே இருப்பவருக்குக் கூரை மட்டும். இந்த வரிசை தற்செயல் அல்ல. அதே வருடங்களில் வந்த மற்றவற்றையும் பக்கத்தில் வையுங்கள். 2011இலிருந்து எல்லாருக்கும் 16 விழுக்காடு ஒரே வருமான வரி. குழந்தை ஒன்றோ இரண்டோ இருந்தால் தலைக்கு மாதம் 10,000 ஃபோரிண்ட் வரிக் கழிவு, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தலைக்கு 33,000. கழிக்க வரி இருந்தால்தான் கழிவு என்பதால், குறைந்த சம்பளக்காரருக்கு முழுசாகக் கிடைக்காது. குறைந்த சம்பளத்துக்கு இருந்த பழைய வரிச் சலுகை படிப்படியாக ஒழிந்தது. வேலையில்லாதோர் உதவி ஒன்பது மாதத்திலிருந்து மூன்று மாதமானது. மதிப்புக் கூட்டு வரி 27 ஆனது. ஏழைகளின் கட்சி என்று யாரும் இதைச் சொல்ல முடியாது. நடுத்தரத்தின் மேல்பாதியைக் குறிவைத்துச் செய்த வேலை இது, அந்தப் பாதிதான் தவறாமல் ஓட்டுப் போடுவது.

இதில் புதிராகத் தெரிவது ஓய்வூதிய விவகாரம். தனியார் ஓய்வூதிய நிதியில் சுமார் 30 லட்சம் பேரின் சேமிப்பு, கிட்டத்தட்ட 3 லட்சம் கோடி ஃபோரிண்ட், 2011இல் அரசிடம் போயிற்று. விலக விரும்பாதவர்கள் அரசு ஓய்வூதிய உரிமையை இழக்க நேரிடும் என்று மிரட்டல். 97 விழுக்காட்டினர் மாறிவிட்டார்கள். நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பையே எடுத்துக்கொண்டும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. இருபது வருடம் கழித்து வரவேண்டிய பணம் யார் கண்ணிலும் படாது. மாதாமாதம் வரும் சீட்டு எல்லார் கண்ணிலும் படும். ஓர்பான் அதைத் துல்லியமாகக் கணித்திருந்தார் என்றே தோன்றுகிறது.

2013இல் வந்த மின்சார, எரிவாயு, வெப்பக் கட்டணக் குறைப்பில் அந்தக் கணிப்பு வெளிப்படையாகவே தெரியும். ஜனவரியில் 10 விழுக்காடு, நவம்பரில் இன்னும் 11 விழுக்காடு. குறைந்த தொகை எவ்வளவு என்பதை ரசீதிலேயே தனியாக ஆரஞ்சு நிறத்தில் அச்சிட வேண்டும் என்று விதி. ஃபிடெஸின் நிறமும் ஆரஞ்சு. பயன்பாட்டுக்கு ஏற்பக் குறைப்பு என்பதால் பெரிய வீட்டுக்காரருக்கு லாபம் பெரிது.

போலந்தில் ஏன் அதே அளவு வெடிக்கவில்லை

போலந்திலும் ஃபிராங்க் கடன் இருந்தது. 'ஃபிராங்கோவிச்சே' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. ஆனால் 2006லேயே அங்கே வங்கிக் கண்காணிப்பு அமைப்பு, அந்நியப் பணக் கடனுக்குக் கூடுதல் வருமானத் தகுதி வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் பெரிய நகரத்து வசதியானவர்கள். பெரும்பாலான கடன்களில் வட்டி ஸ்விஸ் சந்தை வட்டியோடு கட்டப்பட்டிருந்தது. மாற்று விகிதம் ஏறியபோது வட்டி இறங்கி ஓரளவு ஈடு செய்தது. 2009இல் பொருளாதாரமும் சுருங்கவில்லை. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விஸ் மத்திய வங்கி தன் நாணயத்தின் மதிப்பு ஏறாமல் கட்டிவைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்ட பிறகுதான் அங்கே அரசியல் சூடு பிடித்தது. அந்த வருடம் அதிபர் தேர்தலில் அன்ஜெய் டூடா கடன் மாற்றம் செய்வதாகச் சொல்லி வென்றார். சொன்னபடி நடக்கவில்லை, கடன்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்.

ஹங்கேரியில் அதற்குள் கதவு மூடப்பட்டிருந்தது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஹங்கேரி உச்ச நீதிமன்றமும் கொடுத்த தீர்ப்புகளுக்குப் பிறகு, கொள்முதல் விற்பனை வித்தியாசத்தையும் ஒருதலை வட்டி ஏற்றத்தையும் வங்கிகள் திருப்பிக்கொடுக்கச் சட்டம் வந்தது. மூன்றாவது பொறி, அந்த மாற்று விகித அபாயம், கடன்காரர் தலையிலேயே இருக்கும் என்றது தீர்ப்பு. மிச்சக் கடன்கள் ஃபிராங்குக்கு 256.47 என்ற விகிதத்தில் ஃபோரிண்டாக மாற்றப்பட்டன. 2011இல் பணம் புரட்ட முடிந்தவருக்கு 180, முடியாதவருக்கு 256.47. இருவரும் ஒரே வருடத்தில் ஒரே மாதிரி கடன் எடுத்தவர்களாக இருக்கலாம்.

வேறு நாட்டில் இதே மாதிரி தேட வேண்டுமானால்

கடனின் மொத்த அளவைத் தேடாதீர்கள், அதன் உள்விதியைத் தேடுங்கள்: எந்தப் பணத்தில், வட்டியை யார் மாற்றலாம், மாற்றினால் தவணை கூடுமா காலம் நீளுமா. இந்தியாவில் வட்டி ஏறும்போது வங்கிகள் பெரும்பாலும் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டிவிடுவதால் வலி உடனே தெரிவதில்லை. காலம் நீண்டதே பலருக்குத் தெரியாது. வலி உடனே தெரியும் நாடுகளில்தான் அரசியலும் உடனே திரும்புகிறது. பிறகு, தவணை ஏறிய மாதத்துக்கும் தேர்தலுக்கும் எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். ஹங்கேரியில் 18 மாதம். கோபம் ஆறவும் இல்லை, பழகவும் இல்லை.

ஆளும் கட்சி எது என்பதையும் விடாமல் பாருங்கள். சிக்கனம் செய்தது இடதுசாரி அரசு என்றால் ஓட்டு வலது பாப்புலிசத்துக்கும், வலதுசாரி அரசு என்றால் பல சமயம் இடது பக்கத்துக்கும் போகிறது; கிரேக்கத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து சிக்கனம் செய்ததில் 2015 ஜனவரியில் இடதுசாரிக் கட்சியான சிரிஸா வந்தது. ஆனாலும் நீண்ட காலக் கணக்கு வலதின் பக்கம்தான். 20 வளர்ந்த நாடுகளில் 1870 முதல் 2014 வரை நடந்த 800க்கும் மேற்பட்ட தேர்தல்களை ஆராய்ந்த மூன்று ஜெர்மன் பொருளாதார அறிஞர்கள், வங்கி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதின் ஓட்டு சராசரியாக 30 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார்கள். சாதாரண மந்தநிலைக்குப் பிறகு அப்படி இல்லை. மழை பொய்த்தால், எண்ணெய் விலை ஏறினால் பழி சொல்ல ஆள் இல்லை. வங்கி விழுந்தால் ஆள் இருக்கிறது, அந்த ஆளை அரசு காப்பாற்றியதும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

கடைசியாக, வென்ற பிறகு என்ன விதி மாறியது என்று பார்க்க மறக்காதீர்கள். நெருக்கடியின் கோபம் சில வருடங்களில் தணியும். கோபத்தில் கிடைத்த மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை அதற்குள் வேலையை முடித்திருக்கும். ஃபிடெஸ் 2011இல் புது அரசியல் சட்டம் கொண்டுவந்தது. தேர்தல் சட்டத்தையும் மாற்றி, 386 இடங்களை 199 ஆக்கி, இரண்டாம் சுற்று வாக்குப்பதிவை எடுத்துவிட்டது. 2014இல் 133 இடங்கள், மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. அந்தத் தேர்தலில் அது வாங்கிய ஓட்டு, வெளிநாட்டு ஹங்கேரியர்களின் தபால் ஓட்டையும் சேர்த்து, 22.6 லட்சத்துக்குச் சற்று மேல். 2006இல் தோற்றபோது வாங்கியது 22.7 லட்சம்.